பழைய ரேம் வீணாம்!

‘ஃபிரேம்வொர்க் 13 மடிக்கணினியில் புது மதர்போர்டு மாட்டினால் பழைய ரேம் உதவாது, பிறகென்ன மாடுலர்?’ இதுதான் வாதம்.

1. 2021-இன் இன்டெல் போர்டுக்கு டிடிஆர்4. 2023-இன் ரைசன் 7040 டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். அது சிப்பின் நிபந்தனை. மடிக்கணினி செய்தவர் என்ன செய்வார்?

2. மிச்சத்தைக் கணக்கெடுங்கள். திரை, விசைப்பலகை, எஸ்எஸ்டி, அலுமினிய உடல் எல்லாம் அப்படியே. 55 வாட்-மணி பேட்டரி போதவில்லையா? அதே இடத்தில் 61 உட்காரும். 2024-இல் வந்த 2.8கே திரையும் பழைய உடலில் பொருந்தும். வேறெந்த மடிக்கணினியில் இப்படிச் செய்வீர்கள்?

3. இன்னொரு குறை: 13-இலேயே தனி கிராபிக்ஸ் அட்டையும் வேண்டுமாம். அதன் சூடு எங்கே போகும்? அதற்குத்தான் ஃபிரேம்வொர்க் 16 இருக்கிறது.

4. கழற்றிய போர்டு டைப்-சி மின்சாரத்தில் தனிக் கணினியாகவே ஓடும். ‘உதவாத’ அந்த ரேம் அதில்தான் இருக்கும்.