ஆஸ்பத்திரியில் முந்துகிறோம், வீட்டில் பிந்துகிறோம்

ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். அரசு மருத்துவமனைகளில் உறுதிமொழி எடுப்பார்கள், படம் பிடிப்பார்கள், முடிந்துவிடும். சிக்கல் தொடங்குவது தாய் வீடு திரும்பிய பிறகு.

தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் தமிழகத்தில் 60 சதவீதம்; இந்திய அளவில் 42 தான். ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் இந்தியாவில் 64 சதவீதம், தமிழகத்திலோ 55. சுமார் 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தையல் வலியோடு இருப்பவளிடம் "உனக்குப் பால் பத்தவில்லை" என்று ஒருவர் சொன்னால் போதும், டப்பா பால் வந்துவிடும்.

பெரம்பலூர் மாவட்டத்தில் லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் பல வீடுகளின் ஆண்கள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். பணம் வருகிறது, சில சமயம் பால் பவுடர் டின்னும் வருகிறது. இரவில் குழந்தை அழும்போது பக்கத்தில் ஆள் இல்லை. இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பேசும் திருக்குர்ஆன் 2:233, அந்தத் தாயின் உணவு, உடைப் பொறுப்பைத் தந்தை மீது வைக்கிறது. அவர் இல்லாவிட்டால் வாரிசு மீது. பயானில் முதல் பாதியைத்தான் அதிகம் கேட்கிறோம்.

அமெரிக்காவில் தாய்ப்பால் ஊட்டும் விகிதம் கறுப்பினத் தாய்மார்களிடம் குறைவு. அவர்கள் 2013 முதல் ஆகஸ்ட் கடைசி வாரத்தைத் தங்களுக்கெனத் தனியாக நடத்துகிறார்கள். தங்கள் வாழ்க்கை தெரிந்த, தங்களில் ஒருத்தி வந்து உதவ வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நமக்கும் அது பொருந்தும். ரமளானில் பாலூட்டுபவள் நோன்பை விட்டுப் பிறகு கழா செய்யலாமா, தஹ்னீக் செய்த கையோடு சீனித் தண்ணீர் கொடுக்கலாமா, தாய்ப்பால் வங்கிப் பாலால் பால்குடி உறவு ஏற்படுமா என்றெல்லாம் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்க நம் பெண்கள் தயங்குவார்கள். செவிலியரைக் குறை சொல்லவில்லை. அவருக்குப் பல கிராமங்கள்.

மஹல்லாவுக்கு இரண்டு பெண்கள் போதும். பாலூட்டி வளர்த்த அனுபவமுள்ளவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி எடுக்க வைத்து, முதல் இரண்டு வாரம் பிரசவ வீடுகளுக்குப் போய்வர ஜமாஅத் ஒரு சிறு தொகை கொடுக்கலாம். அகீகா விருந்துச் செலவில் அது ஒரு ஓரம். அரியலூர் பக்கம் நம் குடும்பங்கள் சிதறி இருப்பதால் நேரில் போவது கடினம்; அங்கே இந்தப் பெண்களின் தொலைபேசி எண்ணைப் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போட்டாலே தொடங்கிவிடலாம்.