‘மாயா’வின் மீது சுமத்தப்பட்ட குற்றங்கள்

எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசத்தின் ‘மாயா’ அல்பம் 2010 ஜூலையில் வெளியானது. அன்று தொட்டு அதைப் பற்றிக் காதில் விழும் தீர்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கண்டியில் கிற்றாரும் தோளுமாகத் திரியும் பொடியன்கள் சொல்வதும், கொழும்பில் ஆங்கிலப் பாட்டு மட்டும் கேட்கும் கனவான்கள் சொல்வதும், லண்டனிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் சொந்தங்கள் சொல்வதும் ஒரே இடத்தில்தான் வந்து முடிகின்றன. அது பங்க் இசையே இல்லை, வெறும் இரைச்சல். அதிலுள்ள அரசியல் வேஷம். வேஷம் இல்லையென்றால் புலிப் பிரசாரம். வேஷமும் பிரசாரமும் ஒன்றாக எப்படி இருக்க முடியும் என்று கேட்டால், “பாட்டுக்காரிக்கு எதற்கு அரசியல்” என்று பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

விமர்சகர்களும் இதற்குத் தோள்கொடுத்தார்கள். 2007இல் வந்த ‘கலா’வுக்கு 10க்கு 8.9 கொடுத்த ‘பிட்ச்ஃபோர்க்’, ‘மாயா’வுக்குக் கொடுத்தது 4.4. அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் அல்பம் 9ஆம் இடத்தில் நுழைந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது தோற்ற அல்பம் என்று முடிவாகிவிட்டது. பல்லேகலயில் இருந்துகொண்டு நான் இந்த முடிவை ஏற்க மறுக்கிறேன்.

இரைச்சல் என்ற குற்றத்தை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அது உண்மை. ‘ஸ்டெப்பின் அப்’ பாடலில் ட்ரில் மெஷின் சுவரைத் துளைப்பது போலத் தாளம் போடுகிறது. ‘மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்’ பாடலில் ஸ்லே பெல்ஸ் குழுவின் டெரெக் மில்லருடைய கிற்றார் காதைக் கிழிக்கிறது. ஆனால் இரைச்சலாக இருப்பதால் அது பங்க் இல்லை என்று பங்க் ரசிகரே சொல்வதுதான் வேடிக்கை. ‘போர்ன் ஃப்ரீ’ பாடலின் அடித்தளம் முழுவதும் ‘கோஸ்ட் ரைடர்’ என்ற பழைய பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அதைச் செய்தவர்கள் ‘சூயிசைட்’ என்ற நியூயோர்க் இரட்டையர். அலன் வேகா பாடுவார், மார்ட்டின் ரெவ் கீபோர்ட்டையும் தாள இயந்திரத்தையும் பார்த்துக்கொள்வார். கிற்றார் கிடையாது. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பெயரை உலகம் கேள்விப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே தங்கள் துண்டுப்பிரசுரத்தில் ‘பங்க்’ என்று அச்சிட்டவர்கள் அவர்கள். 1978இல் பிரஸ்ஸல்ஸில் அவர்கள் பாடியபோது கூட்டம் கூச்சல்போட்டு ஒலிவாங்கியையே பறித்துக்கொண்டது. ‘மாயா’வைச் சத்தம் என்று ஒதுக்குகிறவர்கள் அந்தக் கூட்டத்தின் வாரிசுகள். பங்க்கைக் காக்க வந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது. கண்டியிலேயே உருவான பரனொயிட் ஏர்த்லிங் குழுவின் ரொக்கைச் சத்தமாக வைத்துக் கேட்கும் காதுக்கு இந்த அல்பம் மட்டும் கசக்கிறதென்றால், காரணம் டெசிபலில் இல்லை.

காரணம் அரசியல். இங்கேதான் நின்று பேச வேண்டியிருக்கிறது.

பாட்டில் அரசியல் வேண்டாம் என்பது ரசிகர்கள் தாமாகக் கண்டுபிடித்த கொள்கையும் இல்லை. 2009இன் தொடக்கத்தில், வன்னியில் சனங்கள் ஒரு சிறு நிலத்துண்டுக்குள் நெருக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், எம்.ஐ.ஏ. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதைப் பற்றிப் பேசினார். இலங்கையின் அன்றைய வெளிநாட்டலுவல்கள் செயலாளர் பாலித கொஹொன, அவர் தனக்குத் தெரிந்த இசையோடு நின்றுகொள்வது நல்லது என்ற கருத்தில் பதில் சொன்னார். ஒரு அரசாங்க அதிகாரியின் வாயிலிருந்து வந்த அந்த வாதத்தை இன்று ரசிகர் தன் ரசனை என்று நினைத்துச் சொல்கிறார்.

அதே ஆண்டுகளில் இந்த நாட்டின் வானொலியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது? படைவீரரைப் போற்றும் பாடல்கள். பஸ்ஸில், கடையில், தன்சலில், மைதானத்தில். 2009 மே மாதம் போர் முடிந்து வீதிகளில் பாற்சோறு பகிர்ந்தபோது ஒலிபெருக்கிகள் சும்மா இருக்கவில்லை. அவற்றைக் கேட்டு “பாட்டில் எதற்கு அரசியல்” என்று முகம் சுளித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வெற்றி பெற்றவரின் பாட்டு தேசப்பற்று, தோற்றவர் பக்கத்துப் பாட்டு அரசியல் என்ற கணக்கு அது.

பல்லேகலக்காரருக்கு இதை விளக்க ஓர் ஆள் போதும். ‘மாயா’ வெளிவந்த அதே 2010 ஜூலையில், 22ஆம் திகதி, காலியில் முத்தையா முரளிதரன் தன் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்து ஓய்வு பெற்றார். பல்லேகலயில் கட்டிய புதிய மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டப்போவதாக மாகாண மட்டத்தில் அறிவிப்பும் வந்தது. அந்த டிசம்பரில் மழையில் நனைந்துபோன முதல் டெஸ்ட்டும் நடந்தது. இன்றும் எல்லோருக்கும் அது பல்லேகல மைதானம்தான், அது வேறு கதை. முரளியின் குடும்பத்துப் பிஸ்கட் தொழிற்சாலை பக்கத்துக் குண்டசாலையில். 1977 வன்முறையில் அது எரிக்கப்பட்டதை அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். ஆனால் விளையாடிய காலம் முழுவதும் அரசியல் பேசாமல் இருந்தார். விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்பவர்கள் கேட்ட இலட்சிய உருவம் அவர்தான். அந்த மௌனம் அரசியலாக வாசிக்கப்படாமல் தப்பியதா? 2020இல் அவர் வாழ்க்கைப் படத்தில் நடிக்க ஒப்புக்கொண்ட விஜய் சேதுபதி, தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பால் விலக வேண்டிவந்தது. பிறகு 2023இல் ‘800’ வேறொரு நடிகருடன் வந்தது. அந்த நடிகர் மதுர் மிட்டல், எம்.ஐ.ஏ.யின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ ஒலித்த ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்தில் சலீமாக நடித்தவர். உலகம் சிறியதுதான். ஒரே தலைமுறைத் தமிழர் இருவர், ஒருவர் பேசினார், ஒருவர் பேசவில்லை. இருவருக்கும் கிடைத்தது விசாரணைக் கூண்டு. இதைப் பார்த்த பிறகும், பேசாமல் இருந்திருந்தால் ‘மாயா’வை நல்ல அல்பம் என்று ஏற்றிருப்போம் என்று ஒருவர் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அடுத்தது புலிப் பிரசாரம். இதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆரம்ப கால ஸ்டென்சில் ஓவியங்களில் எம்.ஐ.ஏ. புலி உருவங்களைத் தாராளமாகவே பயன்படுத்தினார். அதைப் பார்த்து ஒரு சிங்கள வாசகர் கோபப்படுவதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அவருடைய தந்தை புலி என்று சொல்வது பிழை. அருளர் என்ற அருள்பிரகாசம் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1975இல் லண்டனில் உருவான இயக்கம் அது. 1990இல் அந்த இயக்கத்தின் பெரும்பகுதியைப் புலிகள் தமக்குள் கரைத்துக்கொண்டார்கள் என்பது வரலாறு. இந்த வேறுபாடு தெரியாத அமெரிக்க நிருபரை மன்னிக்கலாம். இலங்கையில் வளர்ந்தவர் தெரியாதது போல நடிக்கக்கூடாது.

பிரசாரப் பாட்டு எப்படி இருக்கும் என்று நம்மில் ஒரு தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். தெளிவான மெட்டு, தெளிவான எதிரி, மாவீரர் புகழ், வா என்ற அழைப்பு. இயக்கங்கள் வெளியிட்ட ஒலிநாடாக்களைக் கேட்ட காதோடு ‘மாயா’வைக் கேட்டுப் பாருங்கள். அழைப்பு எங்கே? தலைவர் எங்கே? பாதி இடங்களில் சொல்லே பிடிபடாத அளவுக்குக் குரல் கிழிந்து சிதறுகிறது. குற்றம் சாட்டுபவர்கள் கையில் உள்ள வலுவான சான்று ‘லவலொட்’ பாடல். 2010 மார்ச்சில் மொஸ்கோ சுரங்க ரயிலில் குண்டுடன் இறந்த 17 வயதுப் பெண்ணைப் பற்றிய செய்தியிலிருந்து அது பிறந்தது. அந்தப் பெண்ணின் தலைக்குள் போய்நின்று பாடுகிறது. சங்கடமான பாட்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொலைகாரனின் மனதுக்குள் போய் எழுதும் நாவலாசிரியரை நாம் கொலைகாரன் என்பதில்லையே. கதைக்குக் கொடுக்கும் சலுகையைப் பாட்டுக்கு மறுப்பது ஏன்?

வசதியான வீட்டில் இருந்துகொண்டு புரட்சி பேசுகிறார் என்பது இன்னொன்று. 2010 மே மாதம் ‘நியூயோர்க் டைம்ஸ்’ வார இதழில் லின் ஹிர்ஷ்பெர்க் எழுதிய கட்டுரை இந்தக் கதையின் தாய். விலையுயர்ந்த உருளைக்கிழங்குப் பொரியலைக் கொறித்தபடி எம்.ஐ.ஏ. அரசியல் பேசியதாக ஒரு காட்சி அதில் உண்டு. அந்தப் பொரியலுக்குச் சொன்னவர் நிருபரே என்று காட்டும் ஒலிப்பதிவை எம்.ஐ.ஏ. பின்பு வெளியிட்டார். (நிருபரின் தொலைபேசி எண்ணை ட்விட்டரில் போட்டது அவர் செய்த சின்னத்தனம்.) இது நீண்டு பேச வேண்டிய விஷயமே இல்லை. பங்க்கின் புனிதர்களில் ஒருவரான கிளாஷ் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர் ஒரு பிரித்தானிய இராஜதந்திரியின் மகன், உறைவிடப் பள்ளியில் படித்தவர். அவரிடம் யாரும் சாப்பாட்டுக் கணக்குக் கேட்கவில்லை.

‘போர்ன் ஃப்ரீ’ காணொளி கொடூரமானது என்பார்கள். ரொமெய்ன் கவ்ராஸ் இயக்கியது. செம்பட்டைத் தலைமுடி இளைஞர்களைப் படையினர் பிடித்துப்போய்ச் சுடுகிறார்கள், ஒரு சிறுவனும் சாகிறான். யூடியூப் அதை மறைத்து ஒதுக்கியது. கொடூரம்தான். ஆனால் 2009 ஓகஸ்ட்டில் பிரித்தானியாவின் சனல் 4 ஒரு காணொளியை ஒளிபரப்பியது. அதில் கைகள் கட்டப்பட்ட, நிர்வாணமான மனிதர்கள் சுடப்பட்டார்கள். போலி என்று அரசாங்கம் சொன்னது. அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் சொன்னார். நடிகர்கள் சாயம் பூசிக்கொண்டு செத்துக்காட்டிய படத்துக்கு எழுந்த அருவருப்பு, அந்த உண்மைப் படத்துக்கு எழவில்லை. கவ்ராஸ் சுட்டியது அந்த இடைவெளியைத்தான். அருவருத்தவர்கள் அவர் வைத்த சோதனையில் சரியாகவே அகப்பட்டார்கள்.

“சரி, இதெல்லாம் யாழ்ப்பாணத்துக் கதை, மலைநாட்டுக்கு என்ன?” என்று கேட்பவர்கள் நம் ஆட்கள். இந்தக் கேள்விக்கு மரியாதை கொடுக்கிறேன், ஏனென்றால் வடக்கின் அரசியல் மலையகத்தை நினைத்த நேரத்தில் சேர்த்தும் மறந்த நேரத்தில் விட்டும் வந்திருக்கிறது. ஆனால் மலையகத் தமிழரையும் உள்ளே வைத்து ஈழத்தைப் பேசிய இயக்கம் ஈரோஸ். அருளரின் ‘லங்கா ராணி’ நாவல், 1977 வன்முறைக்குப் பின் கொழும்பிலிருந்து அகதிகளை வடக்கே ஏற்றிப்போன கப்பலின் கதை. அதே 1977இல்தான் கண்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வவுனியாவுக்கு ஓடின. சூயிசைட்டின் முதல் இசைத்தட்டும் கிளாஷின் முதல் இசைத்தட்டும் வந்ததும் அந்த ஆண்டே. இரண்டு 1977களுக்கும் பிறந்த பிள்ளை ‘மாயா’. இன்னும் காதால் கேட்க வேண்டுமென்றால், முந்திய அல்பமான ‘கலா’வில் ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டைப் போடுங்கள். உறுமி முழங்கும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வளர்ந்தவருக்கு அதற்கு விளக்கவுரை தேவையில்லை.

கடைசிக் குற்றச்சாட்டு, ‘மாயா’ இணையத்தைப் பற்றிப் பைத்தியக்காரத்தனமான சதிக்கதை பேசுகிறது என்பது. முதல் பாட்டான ‘தி மெசேஜ்’ ஒரு நிமிடம்கூட இல்லை. நம் கையிலுள்ள கருவியில் தொடங்கும் இழை கூகுள் வழியாக அரசாங்கத்தில் போய் முடிகிறது என்பது அதன் சாரம். அல்பத்தின் அட்டையில் யூடியூப் ஓடுபட்டைகள் எம்.ஐ.ஏ.யின் முகத்தை மூடியிருக்கும். 2010இல் சிரித்தார்கள். 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் அரசின் இணையக் கண்காணிப்பைக் காட்டும் ஆவணங்களை வெளியிட்டபோது சிரிப்பு அடங்கியது.

பல்லேகலக்காரருக்கு ஸ்னோடனும் வேண்டாம். 2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் ஒரு லொறிச் சாரதி தாக்கப்பட்டு, பின்பு இறந்தார். மார்ச் முதல் வாரத்தில், இங்கிருந்து மகியங்கனை வீதியில் கொஞ்சத் தூரத்திலுள்ள திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் இறந்தார். வெறுப்பைத் தூண்டிய பதிவுகள் கைப்பேசி வழியாகத்தான் பரவின. பிறகு அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் ஒரு வாரமளவுக்கு முடக்கியது. ஊரடங்குக்குள் இருந்தவர்களுக்கு உறவினர் நலம் விசாரிக்கும் வழியும் அதோடு போனது. தங்கள் தளத்தின் பங்குக்காக ஃபேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். நிறுவனம், அரசு, நம் கையிலுள்ள கருவி மூன்றும் எப்படி ஒரே கயிற்றில் கட்டுண்டிருக்கின்றன என்பதை எட்டு ஆண்டுகள் முன்னதாக ஒரு அல்பம் இரைச்சலோடு சொன்னது. 4.4 கொடுத்தவருக்குத் திகன தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரியும்.

2020இல் எம்.ஐ.ஏ. தடுப்பூசிக்கு எதிராகப் பேசியது எனக்கு உடன்பாடில்லை. அதைக் காட்டி ‘மாயா’வையும் சேர்த்துக் குப்பையில் போடுவது சோம்பேறித்தனம். அல்பத்தின் மேல் வைக்கக்கூடிய நியாயமான குற்றம் ஒன்று உண்டு, மேலே சொன்ன கூட்டத்தில் யாரும் அதை வைப்பதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். பிள்ளைகளைப் படையில் சேர்த்தார்கள். மற்ற இயக்கத்தவரைக் கொன்றார்கள். தந்தையின் இயக்கம் கரைந்துபோன கதையே மகளின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அரசின் வன்முறைக்கு இத்தனை டெசிபல் ஒதுக்கிய ‘மாயா’வில் இவற்றில் ஒன்றுக்கும் இடமில்லை. திகனயில் வீடு எரிந்த ஒருவரிடம் இந்த அல்பத்தை நான் கொடுத்தால், அவர் முதலில் கேட்கக்கூடிய கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அதற்குப் பாட்டில் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.