ஓட்டையைக் காட்டியவர் மேலேயே வழக்கா?



ராத்திரி பதினொரு மணி. உங்க தெருவில் ஒரு வீட்டு வாசல் கதவு தாழ்ப்பாள் போடாமல் கிடக்கிறது. அந்த வழியாகப் போகும் காலேஜ் பையன் ஒருத்தன் நின்று, கதவை லேசாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, மணியை அடித்து, "அண்ணே, கதவு திறந்திருக்கு, பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டுப் போறான். மறுநாள் காலையில் அவன் வீட்டு வாசலில் போலீஸ். புகார் கொடுத்தது யார்? அந்த வீட்டுக்காரர்!

இப்படியும் நடக்குமா என்று கேட்பீர்கள். கணினி உலகத்தில் இது பல நாடுகளில் நடந்திருக்கிறது, இன்னும் நடக்கிறது. ஒரு செயலியிலோ, டிக்கெட் எந்திரத்திலோ ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்ன மாணவர்களுக்கு நன்றிக்குப் பதிலாக வக்கீல் நோட்டீஸும் கைதும் கிடைத்திருக்கின்றன.

2008 ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்ததைப் பாருங்கள். எம்.ஐ.டி.யில் படித்த மூன்று மாணவர்கள், வகுப்பு ப்ராஜெக்டுக்காக அந்த ஊர் மெட்ரோ டிக்கெட்டை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய பேராசிரியர் ரான் ரிவெஸ்ட். இணையப் பாதுகாப்பின் அடித்தளங்களில் ஒன்றான ஆர்.எஸ்.ஏ. முறையின் முதல் எழுத்தே அவர் பெயர்தான். மாணவர்கள் கண்டுபிடித்தது இதுதான்: டிக்கெட்டில் மீதிப் பணம் எவ்வளவு என்கிற கணக்கு, டிக்கெட்டின் காந்தப் பட்டையிலேயே எழுதப்பட்டிருந்தது. அதைத் திருத்தி எழுதினால் கண்டுபிடிக்க உருப்படியான ஏற்பாடு இல்லை. ஒரு சாதாரண டிக்கெட்டை 600 டாலருக்கு மேல் மதிப்புள்ளதாக மாற்றிவிடலாம். பிளாஸ்டிக் கார்டில் இருந்த சிப்பும் பலவீனமானது.

லாஸ் வேகாஸில் நடக்கும் டெஃப்கான் மாநாட்டில் இதைப் பேசத் திட்டமிட்டார்கள். அதற்கு முன்பே போக்குவரத்துக் கழக அதிகாரிகளைச் சந்தித்தார்கள். எஃப்.பி.ஐ. ஆளும் உடன் இருந்தார். மோசடிக்குப் பயன்படக்கூடிய முக்கிய விவரங்களை மேடையில் சொல்ல மாட்டோம் என்றார்கள். என்ன ஏது என்று விளக்கி ரகசிய அறிக்கையும் கொடுத்தார்கள்.

கழகம் என்ன செஞ்சது தெரியுமா? ஆகஸ்ட் 8 அன்று மூன்று மாணவர்கள் மீதும், எம்.ஐ.டி. மீதும் வழக்குப் போட்டது. மறுநாள் சனிக்கிழமையே பேச்சுக்குத் தடை உத்தரவும் வாங்கிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. பேச்சின் ஸ்லைடுகள் அதற்குள் குறுந்தகட்டில் மாநாட்டுக்கு வந்தவர்கள் கைக்குப் போய்விட்டன. அது மட்டுமா? மாணவர்கள் கொடுத்த ரகசிய அறிக்கையைக் கழகமே வழக்கு ஆவணங்களோடு சேர்த்துத் தாக்கல் செய்தது. கோர்ட் ஆவணத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். ரகசியம் காக்கணும்னு கோர்ட்டுக்குப் போனவங்களே ரகசியத்தை ஊருக்குக் கொடுத்தாங்க!

ஆகஸ்ட் 19 அன்று நீதிமன்றம் தடையை நீட்டிக்க மறுத்தது. கணினிக்குள் கேடு செய்யும் நிரலை அனுப்புவது வேறு, மேடையில் நின்று மனிதர்களிடம் பேசுவது வேறு. கணினிக் குற்றச் சட்டத்தைப் பேச்சுக்கு எதிராக இழுக்க முடியாது என்பதே அதன் சாரம். அந்த வருடக் கடைசியில் வழக்கு முடிந்து, இரு தரப்பும் சேர்ந்து வேலை செய்ய ஒப்புக்கொண்டன.

சரி, ஓட்டை அடைபட்டதா?

2023 ஆகஸ்டில் அதே டெஃப்கான் மேடையில் நான்கு பேர் ஏறினார்கள். பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள். 2008-ல் நடந்ததைப் படித்துத்தான் அவர்களுக்கு ஆர்வமே வந்தது. அந்த பிளாஸ்டிக் கார்டை முழுசாக அலசி, விரும்பிய தொகையை அதில் ஏற்றலாம், சாதாரணக் கார்டை மாணவர் கார்டாகவோ ஊழியர் கார்டாகவோ மாற்றலாம் என்று காட்டினார்கள். பதினைந்து வருடம் கழித்தும் அந்தக் கார்டு ஓட்டையோடுதான் இருந்தது.

இந்த முறை கழகம் வழக்குப் போடவில்லை. பிள்ளைகளைத் தலைமை அலுவலகத்துக்கே கூப்பிட்டு, கண்டுபிடித்ததை விளக்கச் சொல்லிக் கேட்டது. ஒரு பகுதியை மட்டும் மேடையில் மறைத்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டது. பிள்ளைகளும் சரி என்றார்கள். கோர்ட் படியேறிச் சாதிக்க முடியாததை, மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டுச் சாதித்தார்கள்.

நாம் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். வழக்கு ஓட்டையை அடைக்காது, வாயைத்தான் அடைக்கும். நல்லவன் வாயை மூடிவிட்டால், ஓட்டை இருப்பது திருடனுக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாகிவிடும்.

பாஸ்டன் கார்டில் இருந்த அதே வகைச் சிப்பை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களும் ஆய்வாளர்களும் அதே 2008-ல் உடைத்துக் காட்டினார்கள். சிப் தயாரித்த என்.எக்ஸ்.பி. நிறுவனம் ஆய்வுக் கட்டுரைக்குத் தடை கேட்டது. ஜூலை 18 அன்று ஆர்னெம் நீதிமன்றம் மறுத்துவிட்டது. நிறுவனத்துக்கு நஷ்டம் வந்தால், அது கட்டுரை வெளியானதால் வருவதல்ல, குறையுள்ள சிப்பைத் தயாரித்து விற்றதால் வருவது என்றது கோர்ட். இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

ஆனால் எல்லா ஊரிலும் இப்படி நீதி கிடைப்பதில்லை. 2017-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் புதிதாக வந்த ஆன்லைன் டிக்கெட் தளத்தில், டிக்கெட் விலையை நம் பிரவுசரிலேயே மாற்றி அனுப்பினால் சர்வர் அதை அப்படியே நம்பியது. 18 வயது இளைஞர் ஒருவர் சுமார் 9,500 ஃபோரிண்ட் மாதப் பாஸை 50 ஃபோரிண்டுக்கு எடுத்துப் பார்த்து, அதைப் பயன்படுத்தாமல், உடனே தகவல் சொன்னார். போலீஸ் அவர் வீட்டுக்கே வந்து பிடித்துக்கொண்டு போனது. கொதித்துப்போன மக்கள் போக்குவரத்து நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் ஒற்றை நட்சத்திர மதிப்பீடு போட்டுத் தள்ளினார்கள். இணையத்தில் சாதாரண மக்கள் எழுப்பும் குரலுக்கு மதிப்பில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

மால்டா தீவில், 2022-ல், மாணவர்கள் பயன்படுத்தும் டைம்டேபிள் செயலியில் இருந்த ஓட்டையைக் கல்லூரி மாணவர்கள் சிலர் கண்டுபிடித்தார்கள். சரிசெய்ய மூன்று மாதம் அவகாசம் கொடுத்து நிறுவனத்துக்கு மெயில் போட்டார்கள். வந்தது கைது. கணினிகள் பறிமுதல். கடைசியில் 2025-ல் அந்நாட்டு அமைச்சரவையே குடியரசுத் தலைவரின் மன்னிப்புக்குப் பரிந்துரைக்க வேண்டியதாயிற்று. என்ன குற்றத்துக்கு மன்னிப்பு? உண்மையைச் சொன்ன குற்றத்துக்கா?

சிலர் கேட்பது நியாயம்தான்: "அனுமதி இல்லாம அடுத்தவன் வீட்டுக் கதவை எதுக்குத் தள்ளிப் பாக்கணும்?" எம்.ஐ.டி. மாணவர்களும் தங்கள் பேச்சுக்கான அறிவிப்பில் "வாழ்நாள் முழுக்க இலவச ரயில் பயணம் வேண்டுமா?" என்று குறும்பாகக் கேட்டிருந்தார்கள். அதைத்தான் எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. வயசுக் குறும்பு தப்பில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் குறும்புக்கும் கொள்ளைக்கும் வித்தியாசம் தெரியாத சட்டம், சட்டமா? அந்த வீட்டுக்குள் இருப்பது வீட்டுக்காரர் பொருள் மட்டுமல்ல. நம்ம போன் நம்பர், நம்ம முகவரி, நம்ம வங்கிக் கணக்கு எல்லாம் அங்கேதான் இருக்கிறது. பூட்டு சரியாக இருக்கிறதா என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

நம் நாட்டு நிலை என்ன? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, உரிமையாளர் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவதைத் தவறு என்கிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால், பிரிவு 66-ன்படி மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "மோசடி எண்ணம் இருந்தால்தானே குற்றம், அப்புறம் என்ன பயம்?" என்று கேட்கலாம். எண்ணம் என்ன என்பது எப்போது முடிவாகும்? விசாரணையின் கடைசியில். லேப்டாப்பும் போனும் போவது முதல் நாளிலேயே. பரீட்சை, வேலை, பாஸ்போர்ட் எல்லாம் நடுவில் தொங்கும். முதல் தலைமுறைப் பட்டதாரியாகப் படிக்க வந்த பிள்ளையின் குடும்பம் இதைத் தாங்குமா? ஒன்றிய அரசின் செர்ட்-இன் அமைப்பு இப்படிப்பட்ட குறைகளைப் பற்றிய தகவலை வாங்கிக்கொள்கிறது, நல்லதுதான். ஆனால் சொன்னவரைக் காப்பாற்றும் பிரிவு சட்டத்தில் இல்லை.

மற்ற நாடுகள் மாறிவிட்டன. நல்லெண்ணத்தோடு ஆய்வு செய்பவர்கள் மீது வழக்குத் தொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நீதித்துறை 2022 மே மாதம் கொள்கை வகுத்தது. நிபந்தனைகளோடு பாதுகாப்பு தரும் சட்டம் பெல்ஜியத்தில் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. நெதர்லாந்து அரசோ, தன் தளத்தில் ஓட்டை கண்டுபிடித்துச் சொன்னவர்களுக்கு ஒரு டி-ஷர்ட் அனுப்புகிறது. "நான் டச்சு அரசை ஹேக் செய்தேன், கிடைத்தது இந்த மட்டமான டி-ஷர்ட்தான்" என்று அதில் கிண்டலாக அச்சடித்திருக்கும். தன்னம்பிக்கை உள்ள அரசு இப்படித்தான் நடந்துகொள்ளும்.

நம் கோரிக்கைகள் மூன்று:

1. தரவைத் திருடாமல், சேதம் செய்யாமல், முதலில் உரியவரிடம் சொல்லி, சரிசெய்ய அவகாசமும் தரும் ஆய்வாளருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே வெளிப்படையான பாதுகாப்பு வேண்டும்.

2. அரசின் ஒவ்வொரு தளத்திலும் செயலியிலும் குறையைத் தெரிவிக்க ஒரு முகவரி, பதில் சொல்ல ஒரு கெடு.

3. மாணவருக்கு நோட்டீஸ் வந்தால், கல்லூரி நிர்வாகம் கைகழுவாமல் சட்ட உதவியோடு அவர் பக்கம் நிற்க வேண்டும்.

கடைசியாக, நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய ஒன்று. 2021-ல் ஜெர்மனியில் சி.டி.யு. கட்சியின் பிரசாரச் செயலியில் ஓட்டை இருப்பதை ஒரு பெண் ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்னார். வீடு வீடாக வாக்குக் கேட்டுப் போன ஆயிரக்கணக்கான சொந்தத் தொண்டர்களின் விவரங்களே அதில் வெளியே தெரிந்தன. அந்தக் கட்சி அவர் மீதே போலீசில் புகார் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் புகாரைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டது. ஆனால் இனி உங்கள் ஓட்டைகளை உங்களிடம் சொல்ல மாட்டோம் என்று அந்நாட்டின் புகழ்பெற்ற கணினி ஆர்வலர் அமைப்பான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் அறிவித்துவிட்டது. யாருக்கு நஷ்டம்? அந்தக் கட்சித் தொண்டனுக்குத்தான்.

நாளைக்கு நம் உறுப்பினர் பட்டியலில், நம் செயலியில் ஓட்டை இருக்கிறது என்று ஒரு தம்பியோ தங்கையோ எழுதலாம். அவர் எதிர்க்கட்சிக்காரராகக்கூட இருக்கலாம். நம் ஐ.டி. அணித் தோழர்கள் முதலில் எழுத வேண்டிய பதில், "நன்றி, சரிசெய்கிறோம்" என்பதாகவே இருக்க வேண்டும். பிறகு சொன்னபடி சரிசெய்ய வேண்டும். அரசிடம் கேட்பதை முதலில் நாம் செய்து காட்டுவோம்.

கணினி படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படிக்கச் சொல்லுங்கள். பயப்படாதே, ஆனால் அடுத்தவர் தரவைத் தொடாதே, காசு கேட்டு மிரட்டாதே, செய்ததை எல்லாம் எழுதி வை, முதலில் உரியவரிடம் சொல். இவ்வளவும் செய்த பிறகும் உன் வீட்டு வாசலுக்கு நோட்டீஸ் வந்தால், நாங்கள் இருக்கிறோம்.

ஓட்டையை அடைப்போம்! மாணவர் குரலை அல்ல!