டெலீட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்...

ஆபீஸ்ல ஆணி புடுங்கறது போதாதுன்னு, எங்க குடியிருப்பு நூலகத்துக்கு ஜாங்கோவுல ஒரு சின்ன அப்ளிகேஷன் எழுதிக் குடுத்தேன். மூணாவது மாடியில ஒரு ரிட்டயர்டு தமிழாசிரியர் இருக்கார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் நாலு வரி குறிப்பு இருக்கணும்னு அவரே ஆசைப்பட்டு, ஒத்தை விரலால டைப் பண்ணி ஏத்திகிட்டிருந்தார்.

ஒரு ஞாயித்துக்கிழமை பார்த்தா "பழைய நூல்கள்", "பழைய புத்தகங்கள்"னு ரெண்டு பிரிவு இருக்கு. ஒண்ணு காலியாத்தான் இருக்கும்னு நானே முடிவு பண்ணி ஒண்ணைத் தூக்கினேன். தூக்கினது ஒரே ஒரு வரிசை. கூடவே போனது அதுல இருந்த 212 புத்தகம், குறிப்பு, யார் எதை எடுத்துட்டுப் போனாங்கங்கற கணக்கு, எல்லாம்! சாயங்காலம் லிஃப்ட்ல சார் கேட்டார், "தம்பி, நான் எழுதினதெல்லாம் காணுமே, நான்தான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?"

அந்த "நான்தான்" இன்னும் குத்துது.

தப்பு என்னோடதுதான், சந்தேகமே இல்ல. ஆனா இவ்வளவு பெரிய தப்பு எப்படி இவ்வளவு சுலபமா நடக்குது? ஓ.ஆர்.எம். வந்தப்புறம் நாம எஸ்.க்யூ.எல். எழுதறதில்ல. டேபிள் ஒரு கிளாஸ், வரிசை ஒரு ஆப்ஜெக்ட், அதுக்கு ஒரு டெலீட்(). பார்க்க பரம சாதுவா இருக்கும். ஆனா ஜாங்கோ பின்னாடி போய், அந்த வரிசையைப் பிடிச்சுத் தொங்கற மத்த வரிசைகளை எல்லாம் தானே தேடிச் சேர்த்து மொத்தமா அழிக்குது. இதையே போஸ்ட்கிரெஸ்ல கையால பண்ணியிருந்தா, ஃபாரின் கீ இருக்கு, விட மாட்டேன்னு டேட்டாபேஸ் மல்லுக்கு நின்னிருக்கும்.

ஆன்_டெலீட்ங்கறது முன்னாடி கட்டாயம் இல்ல, எதுவும் சொல்லலைன்னா கேஸ்கேட்தான். 2017 டிசம்பர்ல வந்த 2.0 பதிப்பு அதைக் கட்டாயமாக்கிச்சு. எழுதறவன் ஒரு நிமிஷம் யோசிக்கட்டும்னு நல்ல எண்ணம்! நாம என்ன பண்ணோம்? எர்ரர் வந்துச்சு, கேஸ்கேட்னு டைப் அடிச்சோம், எர்ரர் போச்சு, டீ குடிக்கப் போயிட்டோம். என் கோட்ல நாலு இடத்துல அப்படித்தான் இருந்துச்சு. பாதி டுடோரியல்லயும் அதேதான் :(

ஜாங்கோகாரங்க அக்கறையே இல்லாதவங்கன்னு சொல்ல மாட்டேன். டேபிள் முழுக்க அழிக்கணும்னா நடுவுல ஆல்()னு வெளிப்படையா எழுதியே ஆகணும், தெரியாம கை பட்டுடக் கூடாதுன்னே அப்படி வெச்சிருக்காங்க. அட்மின் பக்கத்துல டெலீட் அமுக்கினா கூடவே என்னென்ன போகும்னு பட்டியல் போட்டுக் காட்டும். நான்தான் "அட்மின் அழகா இல்ல"ன்னு சொந்தமா ஒரு பட்டன் வெச்சேன். அது கேட்டது ஒரே கேள்வி, "நிச்சயமா?" (ஆமான்னுதானே சொல்லுவேன்!)

என் கட்சி இதுதான் மக்களே: மனுஷன் உக்கார்ந்து டைப் பண்ணது எதுவும் கேஸ்கேட்ல போகக் கூடாது. அங்கெல்லாம் முதல்ல புரொடெக்ட் போடுங்க. அழிக்க விடாம எர்ரர் அடிக்கும், அடிக்கட்டும். பிரிவு போனாலும் புத்தகம் நிக்கணும்னா செட்_நல் இருக்கு. கேஸ்கேட், தாய் இல்லாம அர்த்தமே இல்லாத வரிசைக்கு மட்டும்.

"எதையும் அழிக்காதே, அழிச்ச மாதிரி ஒரு கொடி போட்டு மறைச்சு வை"ன்னு ஒரு கோஷ்டி இருக்கு. எனக்கு அதுல அரைமனசுதான். ஒவ்வொரு க்வெரியிலயும் அந்தக் கொடியை ஞாபகமா பார்க்கணும், ஒரு இடத்துல மறந்தா செத்த புத்தகம் எழுந்து வந்து நிக்கும். அதோட, என் விவரத்தை எடுத்துடுங்கன்னு கேக்கறவர்கிட்ட மறைச்சு வெச்சுட்டு எடுத்துட்டேன்னு சொல்றது பச்சைப் பொய்.

இன்னொண்ணு, டெலீட்() முடிஞ்சதும் எந்த மாடல்ல எத்தனை வரிசை போச்சுன்னு கணக்கு திருப்பித் தருது, 1.9லேர்ந்தே. ஒரு டிரான்ஸாக்ஷனுக்குள்ள வெச்சு அந்தக் கணக்கைப் பார்த்து, ஒண்ணுக்கு மேல போயிருந்தா ரோல்பேக் பண்ணியிருக்கலாம். நாலே வரி. நான் எழுதலை.

பேக்கப் இருந்துச்சு, ஆனா 23 நாள் பழசு. மிச்சத்தை சார் மறுபடி டைப் பண்ணிகிட்டிருக்கார். நான் பண்றேன்னு சொன்னாலும் விடலை. நேத்து 'ப' வரிசைக்கு வந்துட்டார்.