ஆலை வாசலில் இன்குலாப்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் உலைகளுக்கு முன்னால் நிற்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். அதே ஊரில் ஈழத்தமிழர் முகாமும் இருக்கிறது. உழைப்பவர்களுக்காகவும் ஈழத்தமிழர்களுக்காகவும் பேசிய கவிஞர் இன்குலாப்.

கீழக்கரையில் 1944-ல் பிறந்தவர். இயற்பெயர் சாகுல் அமீது. சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்தார். 1968-ல் கீழ்வெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் எரிக்கப்பட்டது அவரை இடதுசாரிப் பாதைக்குத் திருப்பியது. அவருடைய ‘மனுசங்கடா’ பாடலை நாட்டுப்புறப் பாடகர் கே.ஏ.குணசேகரன் பறை முழங்கப் பாடியபோது, எழுத்தறியாதவர்களிடமும் அது போய்ச் சேர்ந்தது. ஒரு கவிதைக்கு அதைவிடப் பெரிய வாழ்வு வேறு என்ன வேண்டும்?

எதிர்ப்புக் கவிதைக்குப் புகழும் வருவதுண்டு. அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கின் ‘ஹௌல்’ கவிதை 1957-ல் ஆபாச வழக்கைச் சந்தித்து வென்றது. பிறகு அவர் பேரும் புகழும் பெற்றார். இன்குலாப்போ, கிடைத்த கலைமாமணி விருதையே ஈழத்துத் துயரத்துக்காகத் திருப்பிக் கொடுத்தார். 2016-ல் அவர் மறைந்தபின் ‘காந்தள் நாட்கள்’ தொகுப்புக்கு அறிவிக்கப்பட்ட சாகித்திய அகாதெமி விருதையும் குடும்பத்தினர் ஏற்கவில்லை. அவர் உடல் மருத்துவக் கல்லூரிக்குத் தானமாகப் போனது.

இத்தகைய கவிஞரை ஆண்டுக்கொரு நினைவுக் கூட்டத்தில் அடைத்துவைப்பது அநியாயம். கும்மிடிப்பூண்டி உலைத் தொழிலாளர்களும் படிக்க, அவர் கவிதைகளை ஒடியாவிலும் இந்தியிலும் பெயர்த்துச் சிறு நூலாக அச்சிட வேண்டும். திருவள்ளூர் மாவட்டத் தொழிற்சங்கங்களும் எழுத்தாளர் அமைப்புகளும் கைகோத்தால் இது நடக்கும். முதல் வாசிப்பை ஷிஃப்ட் மாறும் நேரத்தில், ஆலை வாசல் டீக்கடையருகே வைக்கலாம்.