கிராஜுவேஷன் படத்தில் இல்லாத பிள்ளைகள்

மே மாசக் கடைசி வந்தால் போதும், டாலஸ் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் முழுக்க கிராஜுவேஷன் படங்கள்தான். தொப்பி, அங்கி, கழுத்தில் நாலு கலர் கயிறு. சந்தோஷமான விஷயம். ஆனா பேச்சு எல்லாம் எந்த யூனிவர்சிட்டி, எவ்வளவு ஸ்காலர்ஷிப் என்பதைச் சுற்றித்தான். பன்னிரண்டாவது முடிப்பதை நம்ம வீடுகளில் யாரும் ஒரு சாதனையாகக் கணக்கில் வைப்பதில்லை.

அமெரிக்க அரசு வைக்கிறது. அதுவும் சுகாதாரத் துறை! 'ஹெல்தி பீப்பிள் 2030' என்ற தேசிய இலக்குப் பட்டியலில் ரத்த அழுத்தம், சர்க்கரை, தடுப்பூசியோடு, நான்கு ஆண்டில் ஹைஸ்கூல் முடிப்பவர்களின் விகிதத்தைக் கூட்டுவதும் ஓர் இலக்கு. 2021-22ல் அந்த விகிதம் சுமார் 87 சதவீதம். மீதிப் பிள்ளைகள் எங்கே போனார்கள்?

பலர் கூரை வேலைக்கு, ஹோட்டல் சமையற்கட்டுக்கு, கிடங்குக்கு. இந்த நாட்டில் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் வேலையோடு ஒட்டி வருவது. டிப்ளமா இல்லாதவனுக்குக் கிடைக்கிற வேலையில் அது பெரும்பாலும் இருக்காது. டெக்ஸாஸ் மெடிகெய்டை விரிவாக்கவும் இல்லை. இன்ஷூரன்ஸ் இல்லாதோர் விகிதம் நாட்டிலேயே இங்கேதான் அதிகம். சர்க்கரை முற்றிய பிறகு எமர்ஜென்சிக்கு ஓடுவார்கள். டாலஸ் கவுன்ட்டியின் பார்க்லண்ட் மருத்துவமனை நம்ம சொத்து வரியையும் வாங்கித்தான் ஓடுகிறது. அப்புறம் எப்படி இது அடுத்த வீட்டுப் பிரச்சினை?

"வசதியான வீட்டுப் பிள்ளை படிக்கும், ஆரோக்கியமாவும் இருக்கும், இதில் டிப்ளமா என்ன செய்தது?" என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். பாதி நியாயம். ஆனால் நோயும் படிப்பை நிறுத்துகிறது என்பதை அவர் விட்டுவிட்டார். ஆஸ்துமா, பல்வலி, மன அழுத்தம், பதினாறு வயதில் கர்ப்பம். 180 நாள் பள்ளியில் 18 நாள் வராவிட்டாலே 'தொடர் வருகையின்மை' என்று குறிக்கிறார்கள். கொரோனாவுக்கு முன் சுமார் 15 சதவீதமாக இருந்த அது, 2021-22ல் 28 சதவீதத்தை எட்டியது. முதலில் பள்ளிக்கு வராமல் போவார்கள், பிறகு படிப்பே நின்றுபோகும். பள்ளிக்குள்ளேயே மருத்துவ மையம் வைத்தால் படிப்பும் தேறும், உடம்பும் தேறும் என்று பொதுச் சுகாதார நிபுணர் குழுவே பரிந்துரைத்திருக்கிறது. பசிக்கிற பிள்ளை பள்ளிக்கு வராது என்று காமராஜர் சோறு போட்ட ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்கணுமா என்ன?

நாம செய்வது என்னவோ வேறு. ரேட்டிங் 9 இருக்கிற பள்ளி எல்லைக்குள் வீடு வாங்கிவிட்டு, 4 இருக்கிற பள்ளியை மறந்துவிடுகிறோம். பள்ளி எல்லையை மாற்றப் போகிறார்கள் என்றால் போர்டு கூட்டத்தில் நம்ம ஆட்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நர்ஸ், கவுன்சிலர் பட்ஜெட் வரும் அன்று நாற்காலிகள் காலி.

கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஓட்டு இல்லைதான். ஆனால் கூட்டத்தில் பேசுவதற்கு ஓட்டு தேவையில்லை, பெயரைப் பதிந்தால் போதும். சில நிமிஷம் தருவார்கள். ஓட்டு இருப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். பள்ளி போர்டு தேர்தலில் ஓட்டுப் போட வருகிறவர்கள் ரொம்பக் குறைவு. ஒரு அப்பார்ட்மென்ட் தமிழர்கள் சேர்ந்து போனாலே வேட்பாளர் திரும்பிப் பார்ப்பார்.