அம்மாவும் பரீட்சை எழுதுறாங்க!



எங்க அம்மா பி.ஏ. தமிழ் படிக்கிறாங்க. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இரண்டாம் வருஷம். இதை வகுப்பில் சொன்னப்போ, "இனிமே நீயும் உங்கம்மாவும் ஒண்ணா பையை மாட்டிக்கிட்டு வருவீங்களா?" என்று கேட்டுச் சிரிச்சாங்க. சிரித்தவர்கள் பெயரை நான் எழுத மாட்டேன். ஏன்னா நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். அதோட விடலை. வீட்டுக்குப் போய், "அம்மா, பரீட்சைக்குப் போறப்போ நம்ம ஊர் ஸ்டாப்பில் ஏறாதே, என் பிரண்ட்ஸ் பார்ப்பாங்க" என்று சொல்லிட்டேன். அம்மா ஒண்ணும் பேசலை. பரீட்சை அன்னிக்கு விடியற்காலையில் அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்து போய் பஸ் ஏறினாங்க. அந்தக் குற்ற உணர்ச்சிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"அஞ்சல் வழியில் படிக்கிறதெல்லாம் ஒரு படிப்பா?" என்று பலர் கேட்கிறார்கள். இது நேற்று வந்த படிப்பு இல்லை. இங்கிலாந்தில் 1969-லேயே திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கிவிட்டார்கள். இந்தியாவில் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-ல் ஐதராபாத்தில் வந்தது. அதற்கு இப்போது அம்பேத்கர் பெயர். 1985-ல் டெல்லியில் இந்திரா காந்தி பெயரில் ஒன்று வந்தது. நம் தமிழ்நாட்டில் 2002-ல் சட்டமன்றத்தில் சட்டம் போட்டு ஆரம்பித்தார்கள். முறையாக அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் கல்லூரிப் பட்டமும் சமம் என்று 2020-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதி சொல்கிறது.

அது சுலபமும் இல்லை. நமக்கு மணி அடித்தால் டீச்சர் வந்து விடுகிறார். புரியவில்லை என்றால் கையைத் தூக்கலாம். அம்மாவுக்கு டீச்சர் புத்தகம்தான். தையல் மெஷின் மேலே புத்தகத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு பக்கம் என்று படிக்கிறார்கள். ராத்திரி நாங்கள் தூங்கின பிறகு ஒப்படைப்பு எழுதுகிறார்கள். லீவு நாளில் வகுப்பு என்றால் முதல் நாளே மாவு அரைத்து வைத்துவிட்டுப் போகிறார்கள். நம்மில் எத்தனை பேர் சார் கேட்காமலே ஒரு பாடம் படிக்கிறோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று எங்க அப்பாயி கேலி பண்ணும். அம்மா ஐந்திலும் வளையத் தயாராகத்தான் இருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள். அது யார் தப்பு?

ஆனால் இன்னொரு பக்கமும் எனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தார். காலேஜுக்கு அப்ளிகேஷன் வாங்கலாம் என்றபோது, "பொம்பளப் புள்ள எதுக்கு பஸ்ஸுல போகணும்? வீட்டுல இருந்தே படிச்சுக்கட்டும்" என்று அவங்க அப்பா சொல்லிவிட்டார். அந்த அக்கா இதுவரைக்கும் எதிலும் சேரவில்லை. மாடு பார்க்கிறார். இது சரியா?

தொலைநிலைக் கல்வி பஸ்ஸைத் தவற விட்டவர்களுக்கு வந்த அடுத்த பஸ். வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணம் ஆனவர்கள், பாதியில் படிப்பு நின்றவர்கள் அதில் ஏறட்டும். முதல் பஸ்ஸே வாசலில் நிற்கும்போது, "அடுத்ததில் போ" என்று பெண்ணை மட்டும் இறக்கி விடக் கூடாது. காலேஜில் பாடம் மட்டுமா இருக்கிறது? லேப் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, தோழிகள் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தபோது, தொலைநிலையில் படிப்பவர்களுக்கு அது கிடையாது என்றுதான் விதி வைத்தார்கள். டாக்டர், இன்ஜினியர், நர்ஸ் படிப்பெல்லாம் தொலைநிலையில் படிக்கவும் முடியாது. அதனால் தோழிகளே, வீட்டில் அப்படிச் சொன்னால் இதையெல்லாம் எடுத்துச் சொல்லுங்கள்.

சேருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். அரசு வேலைக்குப் போக நினைத்தால் பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம் என்று வரிசையாகப் படித்திருக்க வேண்டும். பத்தாவதைத் தாண்டிக் குதித்து வாங்கும் பட்டம் அதற்கு உதவாது.

தலைமையாசிரியர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை நம் பள்ளியில் ஒரு அறையைத் திறந்து வைத்தால், ஊரில் இப்படிப் படிக்கிற அம்மாக்களும் அண்ணன்களும் உட்கார்ந்து படிப்பார்கள். வீட்டில் அவர்களுக்கு ஒரு மேஜைகூட இல்லை. கூட்டிப் பெருக்கிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அம்மாவுக்கு அடுத்த பரீட்சை வரப்போகிறது. இந்தத் தடவை நம்ம ஊர் ஸ்டாப்பில்தான் பஸ் ஏறுவார்கள். பையை நான்தான் தூக்கிக்கொண்டு வருவேன். சிரிக்கிறவர்கள் வந்து சிரிக்கலாம். "நல்லா எழுதுங்க" என்று சொல்ல வருகிறவர்களும் வரலாம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி